நல்லவர்கள் கட்டிய சிறை

"காசு குடுத்து யாராவது ஜெயிலுக்குப் போவாங்களாடா?" என்று கேட்டான் நண்பன். கல்லூரி விடுதியில் எனக்குப் பக்கத்து அறைக்காரன். இப்போது நியூ ஜெர்சியில் வீடு, இரண்டு பிள்ளைகள், புல்வெட்டும் இயந்திரம் என்று செட்டிலாகிவிட்டான். அலுவலக வேலையாக மூன்று வாரம் வந்திருந்த என்னை ஒரு சனிக்கிழமையாவது எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்ற கடமையுணர்ச்சி அவனுக்கு. பிலடெல்பியா என்றால் விடுதலை மணி, சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான மண்டபம், 'ராக்கி' படத்தில் ஸ்டாலோன் ஓடியேறும் படிக்கட்டு என்று ஒரு பட்டியல் வைத்திருந்தான். நான் ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷரிக்குப் போகலாம் என்றேன். அந்தப் படிக்கட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்று தெரிந்ததும்தான் சமாதானமானான்.

வீடுகளும் காபிக்கடைகளும் உள்ள சாதாரணத் தெருவில் திடீரென்று ஒரு கோட்டை நிற்கிறது. 30 அடி உயரக் கல்மதில், மூலைகளில் கொத்தளங்கள், அம்பு எய்வதற்காக வைத்ததுபோலக் குறுகலான சன்னல்கள். "அந்தச் சன்னல் எல்லாம் பொய். வெளியே நடந்துபோகிறவர்கள் பயப்படுவதற்காக வைத்தது" என்றார் எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண்மணி. அறுபது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஓடுவதற்கான ஷூ. பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் கூட்டத்தை வாசல் வளைவுக்குள் நிறுத்தி, சுற்றிக்காட்டத் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"இதைக் கட்டியவர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா? இப்போது சொல்ல வேண்டாம். வெளியே போகும்போது சொல்லுங்கள்."

நண்பன் என் காதோரம், "இதுல என்னடா சந்தேகம், ஜெயில் கட்டினவன் எப்பிடி நல்லவனா இருப்பான்?" என்றான்.

*

இந்தச் சிறையின் கதை இன்னொரு சிறையில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிலடெல்பியாவின் வால்நட் தெருச் சிறையில் ஆண், பெண், சிறுவர், கடன்காரர், கொலைகாரர் எல்லோரையும் ஒன்றாக அடைத்திருந்தார்கள். உள்ளே சாராயம் விற்றது. வலுத்தவன் இளைத்தவனின் சட்டையைப் பிடுங்கிக்கொண்டான். அன்றைய தண்டனைகள் பெரும்பாலும் உடம்பின் மீதுதான்: சவுக்கடி, சூடு, தூக்கு. 1786இல் பென்சில்வேனியா ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தது. குற்றவாளிகளைத் தூக்கிலிடாமல், தலையை மழித்து, காலில் இரும்புக் குண்டு கட்டி, தெருவைச் சுத்தம்செய்ய விட்டார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கேலி, வசை, கைகலப்பு.

இதைப் பார்த்து மனம் பொறுக்காதவர்களில் ஒருவர் டாக்டர் பெஞ்சமின் ரஷ். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், அடிமைமுறையை எதிர்த்து எழுதியவர், மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியில் கட்டாமல் மருத்துவம் செய்ய வேண்டும் என்றவர். 1787இல் பெஞ்சமின் பிராங்க்ளினின் வீட்டில் நடந்த கூட்டத்தில், பொதுவெளியில் தரப்படும் தண்டனை மனிதனைத் திருத்தாது, அவனிடம் மிச்சமிருக்கும் வெட்கத்தையும் கொன்றுவிடும் என்று ஒரு கட்டுரை வாசித்தார். அதே ஆண்டு பிலடெல்பியாவில் ஒரு சங்கம் உருவானது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், பொதுச் சிறைகளின் துயரங்களைத் தணிப்பதற்கான சங்கம். பெயரிலேயே துயரமும் தணிப்பும் இருக்கின்றன. குவேக்கர் கிறித்தவர்கள் அதில் நிறைய இருந்தார்கள், பிற சபையினரும் இருந்தார்கள். கைதிகளுக்குச் சோறும் துணியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், சட்டசபைக்கு மனுமேல் மனு எழுதினார்கள். இப்படி முப்பது ஆண்டுகளுக்கு மேல்.

அவர்களுடைய கோட்பாடு எளிமையானது. மனிதன் பிறவியில் கெட்டவனல்ல, சேர்க்கைதான் அவனைக் கெடுக்கிறது. சேர்க்கையை அறுத்துவிட்டால், அமைதியில் அவன் தன் மனசாட்சியோடு தனித்திருப்பான். தான் செய்ததை நினைப்பான், வருந்துவான், திருந்துவான். பெனிடென்ஷரி என்ற சொல்லே வருந்துதல் என்பதிலிருந்து வந்ததுதான். அடி இல்லை, சூடு இல்லை, அவமானம் இல்லை. கைதியின் முகம்கூட வேறு யாருக்கும் தெரியாது, அதனால் வெளியே போனபின் யாரும் அவனை அடையாளம் காட்டிப் பழிக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் அழகான கோட்பாடு. நான் அன்றைக்கு அந்த ஊரில் இருந்திருந்தால் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

*

1821இல் சட்டசபை அனுமதி கொடுத்தது. ஊருக்கு வெளியே செர்ரித் தோட்டமாக இருந்த 11 ஏக்கர் நிலத்தில், இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியிருந்த ஜான் ஹாவிலண்ட் என்ற கட்டடக் கலைஞர் வேலையைத் தொடங்கினார்.

தொழிலால் நான் மென்பொருள் பொறியாளன். ஒரு வடிவமைப்பைப் பார்த்தால் முதலில் அதன் நேர்த்திதான் கண்ணில் படும். தப்பா சரியா என்பதெல்லாம் பிறகு. மைய மண்டபத்தில் கொண்டுபோய் எங்களை நிறுத்தி, "ஒரு சுற்று சுற்றுங்கள்" என்றார் வழிகாட்டி. நின்ற இடத்திலேயே சுற்றினேன். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஏழு நீண்ட கூடங்கள் அந்த மையத்திலிருந்து பிரிந்து போகின்றன. ஒரே ஒரு காவலர் ஒரே இடத்தில் நின்றபடி எல்லாக் கூடங்களையும் பார்த்துவிடலாம். கூடங்களின் கூரை தேவாலயத்தினுடையதுபோல உயர்ந்து வளைந்திருக்கிறது. காரை உதிர்ந்த அந்தப் பாழிலும் வெளிச்சம் பட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து தானாகவே, "சூப்பர் டிசைன்" என்று வந்துவிட்டது. நண்பன் திரும்பிப் பார்த்தான்.

கூடத்தின் இரண்டு பக்கமும் கொட்டடிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 அடிக்கு 12 அடி. ஒரு கட்டில், வேலைக்கான மேசை, பைபிள். மேலே வளைந்த கூரையில் ஒரு சிறு துளை, அதில் கண்ணாடி. வெளிச்சம் வர அது ஒன்றுதான் வழி. தலைக்குமேல் கடவுள் இருக்கிறார் என்ற நினைப்பு கைதிக்கு வரட்டும் என்று வைத்ததாகச் சொல்கிறார்கள். கொட்டடிக்குப் பின்னால் அதே அகலத்தில், நாலுபுறமும் உயரச் சுவர் வைத்த தனி முற்றம். குழாய்த் தண்ணீர், கழிப்பிடம், குளிருக்குச் சூடாக்கும் வசதி. "அப்போது வெள்ளை மாளிகையில் குழாய்த் தண்ணீர் கிடையாது. அதிபர் ஜாக்சனுக்கு இல்லாத வசதி இங்கிருந்த திருடனுக்கு இருந்தது" என்றார் வழிகாட்டி. கூட்டம் சிரித்தது. மொத்தம் முடிக்க ஏறத்தாழ 7,80,000 டாலர் ஆனது. அன்றைய அமெரிக்காவில் மிக அதிகச் செலவில் எழுந்த கட்டடங்களில் இதுவும் ஒன்று. கைதிகளுக்காக இவ்வளவு பணத்தைக் கொட்டியவர்களை அலட்சியக்காரர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கழிப்பிடமும் தண்ணீரும் சொகுசுக்காக வைத்ததல்ல. கைதியைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனால் வழியில் இன்னொருவன் முகத்தைப் பார்த்துவிடுவான். அதனால்தான் எல்லாமே கொட்டடிக்குள். ஒரே கொள்கையை எடுத்துக்கொண்டு அதைக் கடைசி ஆணிவரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

1829 அக்டோபரில் முதல் கைதி வந்தார். சார்லஸ் வில்லியம்ஸ், வயது 18, கறுப்பின இளைஞர், விவசாயக் கூலி. ஒரு கைக்கடிகாரத்துக்கு முந்தைய காலத்துச் சட்டைப்பைக் கடிகாரம், ஒரு தங்க முத்திரை, ஒரு தங்கச் சாவி ஆகியவற்றைத் திருடினார் என்று இரண்டு ஆண்டு தண்டனை. வாசலில் அவர் தலைமீது ஒரு துணி முகமூடியைக் கவிழ்த்து, கண்ணை மறைத்து உள்ளே கூட்டிப்போனார்கள். தான் எந்தத் திசையில் இருக்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியக் கூடாது. சாப்பாடு சுவரிலிருந்த சிறு திறப்பு வழியாக வரும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் முற்றத்தில் நிற்கலாம், பக்கத்துக் கொட்டடிக்காரர் தன் முற்றத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. காவலர்கள் ஷூவுக்குமேல் துணியுறை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். காலடிச் சத்தம்கூட ஒரு துணைதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு கொட்டடிக்குள் எங்களை மூன்று மூன்று பேராகப் போகச் சொன்னார்கள். குனிந்து நுழைந்தோம். பொழுதுபோகாமல் சுவரைப் பார்த்தேன், மேலே துளையைப் பார்த்தேன். வெளியே தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்திருக்க வேண்டும், உள்ளே எதுவும் கேட்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நண்பன் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டுக்கொண்டான். பிறகு, "பேசுடா ஏதாச்சும்" என்றான்.

*

சிறை திறந்த சில ஆண்டுகளிலேயே விரிசல் தெரிந்துவிட்டது. அடியும் வதையும் இல்லாத இடம் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். ஆனால் தனிமையைக் காப்பாற்ற வேண்டுமே? பேசுகிறவனை என்ன செய்வது? 1833இல் மத்தியாஸ் மக்கம்ஸி என்ற கைதி பேசியதற்காக அவர் வாயில் இரும்பு வாய்ப்பூட்டை மாட்டினார்கள். நாக்கின்மேல் இரும்புத் தகடு வைத்து, அதன் சங்கிலியைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கையோடு பிணைப்பார்கள். கையை அசைத்தால் வாயை இழுக்கும். அவர் அப்படியே செத்துப்போனார். சட்டசபை விசாரணை நடத்தியது. அமைப்பு அப்படியே தொடர்ந்தது.

உலகம் இந்தச் சிறையைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. 1831இல் பிரான்சிலிருந்து அலெக்சிஸ் டி டோக்வில் தன் நண்பர் போமோனோடு வந்தார். அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி அவர் எழுதிய நூல்தான் இன்று நமக்குத் தெரியும், ஆனால் பிரெஞ்சு அரசு அவரை அனுப்பியது சிறைகளைப் பார்த்துவரத்தான். காவலர் யாரும் இல்லாமல் கைதிகளைத் தனித்தனியாகச் சந்தித்து, ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பலர் வேலை இருப்பது ஆறுதல் என்றார்கள், சிலர் பேசத் தொடங்கியதுமே அழுதார்கள். அந்தக் கண்ணீரை அவர் திருந்துவதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார். அறிக்கை பெரும்பாலும் சாதகமாகவே இருந்தது.

1842 மார்ச்சில் சார்லஸ் டிக்கன்ஸ் வந்தார். சின்ன வயதில் தன் அப்பா கடனுக்காகச் சிறையில் கிடந்ததைப் பார்த்தவர். அதே கொட்டடிகள், அதே கண்ணீர். அவருக்கு வேறொன்று தெரிந்தது. உடம்பில் விழும் காயத்தைப் பார்த்து நாம் பதறுகிறோம், மனசில் விழும் காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனாலேயே அது நடந்துகொண்டே இருக்கிறது என்று வாதிட்டார். இந்த முறையை உருவாக்கியவர்கள் இரக்கமுள்ளவர்கள்தான், ஆனால் தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை என்பது அவருடைய முடிவு.

டிக்கன்ஸ் பார்த்த கைதிகளில் ஒரு ஜெர்மானியர் உண்டு, சார்லஸ் லாங்கன்ஹைமர். நூலிலிருந்து பிழிந்தெடுத்த சாயத்தால் கொட்டடிச் சுவர் முழுக்க வண்ணம் தீட்டியிருந்தார். இவ்வளவு நொறுங்கிப்போன ஒருவரைத் தான் கண்டதில்லை என்ற தொனியில் டிக்கன்ஸ் எழுதினார். அந்த மனிதர் பிறகு விடுதலையானார், திரும்பவும் திருடினார், திரும்பவும் உள்ளே வந்தார். முதுமைவரை சிறைக்கு வருவதும் போவதுமாகவே இருந்தார். டிக்கன்ஸ் மிகைப்படுத்திவிட்டார் என்பதற்குச் சிறையின் ஆதரவாளர்கள் இவரைத்தான் உதாரணம் காட்டினார்கள்: பாருங்கள், ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்? வெளியே வாழத் தெரியாமல் சிறைக்கே திரும்பி வருகிறவரை எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

டோக்வில் கைதிகளிடம் கேட்டார். கேட்கவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கைதிகள் தாங்களாகவே ஒரு பதிலை வேறு வழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி சுவரோரம் ஓடிய துருப்பிடித்த குழாய் ஒன்றைக் காட்டி, "இதுதான் அவர்களுடைய தொலைபேசி" என்றார். கழிப்பிடக் குழாய்களில் தட்டினார்கள், அவற்றின் வழியே குரல் கொடுத்தார்கள். முற்றத்துச் சுவரைத் தாண்டிச் சீட்டு எறிந்தார்கள். பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தும். மனிதர்களைப் பிரித்து வைக்கப் போட்ட குழாய் வழியாகவே அவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகம் அதை ஒழுங்குமீறல் என்று எழுதிவைத்தது.

அந்தக் குழாயின் முன் நான் கொஞ்சம் அதிகநேரம் நின்றுவிட்டேன். காரணம் இருக்கிறது.

*

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக் குழுவுக்காக ஒரு மென்பொருள் செய்தேன். எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம். நாற்பது பேர், பெரும்பாலும் முதல் வேலையிலிருக்கும் இளைஞர்கள். அவர்களுக்கு ஒரு பொது அரட்டைக்குழு இருந்தது. அது வால்நட் தெருச் சிறை மாதிரிதான் இருந்தது என்று சொல்ல வேண்டும். யார் லேட், யார் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று அதில் எல்லோர் முன்னாலும் திட்டுவார்கள். பெண்களுக்குத் தனியாக வேண்டாத மெசேஜ்கள் போகும். இரண்டு பேர் வேலையை விட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நல்லது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். அரட்டையை எடுத்துவிட்டேன். புகார்கள் ஒவ்வொருவருக்கும் தனி வரிசையாகப் போய்ச் சேரும்படி எழுதினேன். யாரும் யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை, தேவையான எல்லாம் அவரவர் திரையிலேயே இருக்கும். யார் மெதுவாகச் செய்கிறார்கள் என்று இன்னொருவருக்குத் தெரியாது. திட்டு இல்லை, தொந்தரவு இல்லை. நேர்த்தியாக வேலை செய்தது. பாராட்டும் கிடைத்தது.

மூன்று மாதம் கழித்துத் தரவுத்தளத்தில் ஒரு விநோதத்தைப் பார்த்தேன். முடிந்துபோன பழைய புகார்களில், உள்குறிப்பு எழுதுவதற்கான பெட்டியில், சம்பந்தமில்லாத வரிகள். "சாப்டியா?" "இன்னைக்கும் புளிசாதம்." "அம்மாக்கு இப்ப பரவால்லயா?" ஒருவர் எழுத, இன்னொருவர் அதே புகாரைத் திறந்து பதில் எழுதியிருக்கிறார். தரவில் குப்பை சேர்கிறது என்று எனக்குத் தோன்றியது. முடிந்த புகார்களில் எழுத முடியாதபடி பூட்டினேன். நாலு வரி நிரல், பத்து நிமிட வேலை.

அந்த வாரம் வேறொரு பிழைக்காக அந்தக் குழுவில் ஒரு பெண்ணோடு போனில் பேச வேண்டியிருந்தது. பிழையைச் சொல்லி முடித்துவிட்டுத் தயங்கினாள். "அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? அந்த நோட்ஸ் பாக்ஸையாச்சும் விட்ருங்கண்ணா. நாள் பூரா வேற யார்கிட்டயும் பேசறதில்ல."

பூட்டை அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஆனால் வடிவமைப்பு அப்படியேதான் இருந்தது, இன்றும் இருக்கிறது. நான் இந்த முறை அமெரிக்கா வந்ததே அதை இன்னும் இரண்டு ஊர்களின் குழுக்களுக்கு விரிவாக்குவது பற்றிப் பேசத்தான். திங்கட்கிழமை கூட்டம்.

இரும்பு வாய்ப்பூட்டையும் என் நாலு வரி நிரலையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அவர்கள் மாலையில் மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டாரோடு பேசலாம், வேலையை விட்டுப் போகலாம். சார்லஸ் வில்லியம்ஸுக்கு அந்தக் கதவு இல்லை. ஆனால் அந்தக் குழாயின் முன் நின்றபோது, ஒழுங்குமீறல் என்று எழுதிவைத்த அதிகாரியை என்னால் வேற்றாளாக நினைக்க முடியவில்லை.

*

இந்தச் சிறையைப் பார்த்து உலகம் எங்கும் கட்டினார்கள். ஏறத்தாழ 300 சிறைகள் இதன் வடிவத்தைப் பின்பற்றின என்று சொல்லப்படுகிறது. சொந்த நாட்டில் அவ்வளவாக எடுபடவில்லை. நியூயார்க்கின் ஆபர்ன் சிறையில் பகலில் எல்லோரையும் பேசவிடாமல் ஒன்றாக வேலை வாங்கி, இரவில் மட்டும் தனியே பூட்டினார்கள். அதில் செலவு குறைவு, வருமானம் அதிகம். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் அதன் பின்னால் போயின. பிலடெல்பியா முறையை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. 1842இல் லண்டனில் பென்டன்வில் சிறை அதே ஆரக்கால் வடிவத்தில் திறந்தது. பிரிட்டிஷாரிடம் வந்தது பிறகு அவர்களுடைய காலனிகளுக்கும் வந்தது.

பள்ளியில் படிக்கும்போது அப்பா அம்மாவோடு அந்தமான் போயிருக்கிறேன். போர்ட் பிளேர் செல்லுலார் சிறையில் மாலை ஒளி-ஒலிக் காட்சியில் அங்கிருந்த அரசமரம் கதை சொல்லும். கூடங்கள் ஏன் அப்படி விரிந்திருக்கின்றன என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. பிலடெல்பியாவின் மைய மண்டபத்தில் சுற்றியபோது அது ஏற்கெனவே பார்த்த இடம்போல இருந்ததற்குக் காரணம் அதுதான். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறையும் நடுக்கோபுரத்திலிருந்து பிரியும் ஏழு கூடங்களாகத்தான் கட்டப்பட்டது. மூன்று மாடி, ஏறத்தாழ 700 தனிக்கொட்டடிகள். ஒரு கூடத்தின் முகப்பு அடுத்த கூடத்தின் முதுகைப் பார்க்கும், எந்தக் கைதியும் எதிரில் இன்னொரு முகத்தைப் பார்க்க முடியாதபடி. செல்லுலார் என்ற பெயரே அந்தக் கொட்டடிகளிலிருந்து வந்ததுதான்.

கடல் தாண்டி வரும்போது என்னென்ன உதிர்ந்தன என்று பாருங்கள். தனி முற்றம் இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லை. தலைக்குமேல் வெளிச்சத் துளை இல்லை, கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சிறு சன்னல் மட்டும். கைதி திருந்துவான் என்ற நம்பிக்கையும் இல்லை. மாட்டுக்குப் பதில் மனிதனைச் செக்கில் பூட்டி, நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் என்று கணக்கு வைத்தார்கள். இரக்கத்தோடு தொடர்புடைய எல்லாம் செலவுக் கணக்கில் கழிந்துபோயின. மிஞ்சியது தனிமை மட்டும். 1912இல் இந்துபூஷண் ராய் அங்கே தூக்கிட்டு இறந்தார். உல்லாஸ்கர் தத்தின் மனம் கலங்கிப்போனது, பிறகு அவரைச் சென்னை மனநலக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். பெஞ்சமின் ரஷ் இவர்களைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஒரு வடிவமைப்பை உலகத்துக்குக் கொடுத்துவிட்டால், நம் நல்லெண்ணத்தையும் அதோடு சேர்த்து அனுப்ப முடியாது. நகல் எடுக்கிறவருக்கு வரைபடம்தான் போய்ச் சேரும்.

*

மதியத்துக்குமேல் சுற்று முடியும் தறுவாய். பிலடெல்பியாவில் இந்த முறை எப்படி முடிந்தது என்று ஒருவர் கேட்டார். "யாரும் மனம் மாறி முடிக்கவில்லை, இடம் போதாமல் முடிந்தது" என்றார் வழிகாட்டி. 250 பேருக்கென்று திட்டமிட்ட இடத்தில் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. ஆரக்கால்களுக்கு நடுவில் புதிய கூடங்களைச் செருகினார்கள். ஒரு கொட்டடியில் இரண்டு பேர், மூன்று பேர். 1890இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், தனிமைச் சிறையில் வைக்கப்பட்டவர்கள் மனம் மழுங்கிப்போனதையும், பித்துப்பிடித்ததையும், தற்கொலை செய்துகொண்டதையும் பதிவுசெய்திருக்கிறது. 1913இல்தான் இங்கே தனிமை முறை அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. அதன்பின் மற்றச் சிறைகளைப்போல இதுவும் ஒன்று. 1929இல் அல் கபோன் வந்து சில மாதம் இருந்தார். 1945இல் 12 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். 1971இல் மூடினார்கள். ஆளில்லாத கொட்டடிகளில் மரங்கள் முளைத்தன, பூனைகள் குடியேறின. 1994இலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள். கட்டடத்தைப் புதுப்பிக்காமல், மேற்கொண்டு இடியாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள்.

முற்றத்தில் 16 அடி உயரத்துக்கு இரும்பில் ஒரு வரைபடம் நிற்கிறது. 1900இலிருந்து அமெரிக்காவில் மக்கள்தொகையோடு ஒப்பிட எத்தனை பேர் சிறையில் இருந்தார்கள் என்று காட்டும் பட்டைகள். 1970களுக்குப் பிறகு அது படிக்கட்டாக ஏறி தலைக்குமேல் போய்விடுகிறது. தனிமை முறை இங்கே ஒழிந்தது, உலகில் ஒழியவில்லை. இன்றும் அமெரிக்கச் சிறைகளில் பல்லாயிரம் பேர் தனிக்கொட்டடிகளில் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்துவதற்கென்று இப்போது யாரும் சொல்வதில்லை, பாதுகாப்புக்கென்று சொல்கிறார்கள். 2015இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், தொடர்ந்து 15 நாளுக்குமேல் ஒருவரைத் தனிமையில் அடைக்கக் கூடாது என்கின்றன. நம் நாட்டிலும் இந்தத் தண்டனை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டம் ஒரே தடவையில் 14 நாளுக்குமேல் கூடாது என்று வரம்பு வைத்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அந்தப் பிரிவு தொடர்கிறது. சார்லஸ் வில்லியம்ஸுக்கு விதித்தது இரண்டு ஆண்டு.

வாசல் வளைவுக்கு வந்ததும் வழிகாட்டி நின்றார். "காலையில் கேட்டேனே. நல்லவர்களா, கெட்டவர்களா?"

ஒரு கல்லூரிப் பெண் கெட்டவர்கள் என்றாள். வயதான தம்பதி நல்லவர்கள் என்றார்கள், நோக்கம் நல்லதுதானே என்று. காலையில் அவ்வளவு உறுதியாக இருந்த என் நண்பன் வாயைத் திறக்கவில்லை. நான், "நல்லவர்கள்தான். அதுதான் பிரச்சினை" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் விடை தெரியாது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். இங்கே வருகிற எல்லோரும் தங்களைக் கைதியாகக் கற்பனை செய்து பார்க்கிறார்கள். கட்டியவராக யாரும் கற்பனை செய்வதில்லை."

திரும்பும் வழியில் காரில் நண்பன் பாட்டுப் போடவில்லை. பாதிவழி வந்ததும், "திங்கக்கிழமை மீட்டிங்ல என்னடா சொல்லப் போற?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன்.

திங்கட்கிழமை, விரிவாக்கத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கக் கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் ஒரு வாரம் அந்தக் குழுவில் ஒருவனாக உட்கார்ந்து, அதே திரையில், அதே வரிசையில் நானும் வேலை செய்ய வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார்கள். எண்களில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றார்கள். இருக்கிறதுதான். கடைசியில் ஒரு மாதம் கொடுத்தார்கள், முகத்தில் திருப்தி இல்லாமல்.

அறைக்கு வந்து தரவுத்தளத்தைத் திறந்தேன். அங்கே இரவு, ஊரில் காலை. முடிந்துபோன புகார்களின் குறிப்புப் பெட்டியைத் தேடினேன். கடைசிக் குறிப்பு ஆறு நிமிடத்துக்கு முன்னால் எழுதியது.

"வந்துட்டியா? டீ குடிச்சியா?"

பதில் இன்னும் வரவில்லை. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.